தலைப்பிரசவமும் முதல் வீடும்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்று சொல்லி வைத்த பெரியவர், தலைப்பிரசவத்தை அந்தப் பழமொழியில் சேர்க்காமல் விட்டுவிட்டார். வீட்டையும் கல்யாணத்தையும் பணமுடை வந்தால் அடுத்த தைக்குத் தள்ளிப் போடலாம். பிரசவத்தைத் தள்ளிப் போட இயலாது. ஆகவே, மனைவி கருவுற்றிருக்கும் மாதங்களில் முதன்முதலாக ஒரு வீட்டைக் கிரயம் பெற முற்படும் குடும்பம் இரண்டு நாட்காட்டிகளை ஒருங்கே பார்க்க வேண்டியதாகிறது. ஒன்று பிரசவ நாட்காட்டி; அது யாருக்காகவும் நிற்பதில்லை. மற்றொன்று பத்திர நாட்காட்டி. அதனை விரட்டினால் கேடு விளையும். பிரசவத்துக்கு முன் எப்படியேனும் குடிபுகுந்துவிட வேண்டும் என்ற ஆவலில், பத்திரம் பார்க்கும் வேலையைச் சுருக்கிக்கொள்வதே நம் குடும்பங்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. நாம் இப்பாடத்தில் வற்புறுத்துவது அதற்கு நேர்மாறானது. குழந்தை பிறப்பதற்கு முன் முடிய வேண்டியது பத்திரம்; குடிபுகுதல் பின்னர் நடந்தால் ஒரு குறையும் இல்லை.

நம் வாசகர்களிற் பெரும்பாலோர் தறியையும் வயலையும் நம்பி வாழ்வோர். ஆயினும் எடுத்துக்காட்டுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய ஜெகதாப்பட்டினத்தை எடுத்துக்கொள்கிறோம். அங்கே விசைப்படகில் பங்குக்குச் செல்லும் தொழிலாளியின் வருமானம் நெசவாளர் கூலியைக் காட்டிலும் ஒழுங்கற்றது. நிலத்தின் மீதுள்ள சட்டக் கட்டுப்பாடுகளோ உள்நாட்டு ஊர்களைக் காட்டிலும் மிகுதி. கடினமான கணக்கைப் போட்டுப் பழகியவர்க்கு எளிய கணக்கு தானே வரும் அல்லவா?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் விசைப்படகுத் தொழிலாளி. மனைவி ஆவுடையார்கோயில் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மணமாகி இரண்டாண்டு வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு, வைகாசி முதல் வாரத்திற் குழந்தை பிறக்குமென்று செவிலியர் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். அதே ஊரில் ரூ.9,50,000 விலையில் இரண்டு அறையுள்ள பழைய காரை வீடு ஒன்று விற்பனைக்கு வருகிறது. கையிருப்பும், மனைவி மனமுவந்து விற்கத் தந்த நகையின் மதிப்பும் சேர்ந்து ரூ.4,60,000. மீதிக்குக் கடன் பெற வேண்டும்.

முதலில் பெரியவர்களின் வாக்கைப் பார்ப்போம். ஏனெனில் இத்தகைய வீடுகளில் முதல் தடை அங்கிருந்துதான் எழும். “வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டிலே கடைக்கால் தோண்டக் கூடாது தம்பி, புதுமனை புகக் கூடாது” என்று மாமியார் சொல்லுவார். இதை மூடநம்பிக்கை என்று தள்ளி அவரோடு வாதாடுவதில் பயனில்லை. கடைக்காலும் புதுமனை புகுதலும் அவர் வாக்கில் உண்டு. பத்திரப் பதிவு அதில் இல்லை என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளலாம். நிறைமாதக்காரி சுண்ணாம்புத் தூசியிலும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு இடையிலும் அலையாமல் இருப்பது உடலுக்கும் நல்லதே. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அவர் தாய்வீடு சென்றுவிடுவார். கடற்கரை முஸ்லிம் குடும்பங்களிலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதே பெருவழக்கு. ஆகவே, தாயும் சேயும் திரும்பி வருவதற்குள் வீட்டைச் செப்பனிட்டு வைக்கக் கணவருக்குப் போதிய அவகாசம் கிடைக்கிறது. பழைய வழக்கமும் நம் யோசனையும் இவ்விடத்தில் முரண்படவில்லை.

இனி மாதங்களை வகுத்துக்கொள்வோம். வைகாசியிற் பிரசவமென்றால், கரு உறுதிப்படும் காலம் புரட்டாசி. அடுத்து வரும் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை மாதங்கள். வீட்டைப் பார்க்க அதுவே தக்க காலம். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடாகவே தோன்றும். அடைமழை பெய்த மறுநாட் காலை சென்று, தெருவில் நீர் எவ்வளவு உயரம் நின்றது, எந்தச் சுவரில் ஈரம் ஏறியது, கழிப்பறைத் தொட்டி நிரம்பி வழிந்ததா என்று பார்த்தல் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் அந்த வீட்டுக் கூரை என்ன ஆயிற்று என்பதையும் அண்டை வீட்டாரிடம் விசாரிக்கலாம். விற்பவரிடம் மட்டும் கேட்டல் போதாது. மார்கழியில் நல்ல காரியம் கூடாதென்பார்கள். வில்லங்கம் பார்க்க மார்கழியைப் போல் உகந்த மாதம் வேறில்லை. தையிற் பதிவு. மாசியில் வளைகாப்பு. இவ்வரிசை பிறழாமல் இருந்தால், பதிவு நாளன்று மனைவி தம் ஊரிலேயே, எளிதாக நடமாடும் நிலையில் இருப்பார்.

அது ஏன் இன்றியமையாதது? உரிமை மாற்றப் பத்திரத்தில் விற்பவரும் வாங்குபவரும் ஆகிய இரு சாராருடைய புகைப்படமும் விரற்பதிவும் இடம்பெற வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 32-ஏ பிரிவு கூறுகிறது. வாங்குபவர் மனைவியாயின் அவரும் சார்பதிவாளர் அலுவலகம் செல்ல வேண்டும். உடல் நலிவால் வர இயலாதவரின் இருப்பிடத்துக்கே பதிவு அலுவலர் வருவதற்கும் அச்சட்டம் இடமளிக்கிறது. எனினும் அது தனிக் கட்டணமும் தனி மனுவும் கொண்ட காரியம். எழுதிக் கையொப்பமிட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம் என்பதை நம்பி, “பிரசவம் முடியட்டும்” என்று காத்திருப்போர் உண்டு. அந்த நான்கு மாதத்துக்குள் விற்பவர் மனம் மாறலாம், அல்லது காலமாகலாம். இவ்வசதியை ஆபத்துக்கு உதவும் வழியாகக் கருதலாமே தவிர, திட்டமாகக் கொள்ளலாகாது.

பணக் கணக்கிற் சற்று நின்று நிதானமாகப் பார்ப்போம். வீட்டு விலை ரூ.9,50,000. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, அது ரூ.66,500. பதிவுக் கட்டணம் 2023 முதல் 2 விழுக்காடு, அது ரூ.19,000. ஆனால் ரூ.10 இலட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரிற் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைப்பு என்ற சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நம் எடுத்துக்காட்டில் அது ரூ.9,500 மிச்சம். ஆகத் தீர்வையும் கட்டணமும் ரூ.76,000. கடன் ரூ.6,00,000 போக வீட்டுக்குக் கைப்பணம் ரூ.3,50,000. இரண்டும் சேர்ந்து ரூ.4,26,000. கையில் எஞ்சுவது ரூ.34,000 மட்டுமே. பத்திரம் எழுதுபவர் கூலி, வழக்கறிஞர் கருத்துரை, கடன் மனுச் செலவு ஆகியவை இந்த எச்சத்திலிருந்தே போக வேண்டும். விற்பவர் இன்னும் இருபதினாயிரம் கேட்டால் கொடுத்துவிடலாம் என்று தோன்றும் இடம் இதுதான். அந்த இருபதினாயிரம் பிரசவப் பணம் என்பதை அப்பொழுது யாரும் நினைப்பதில்லை.

அரசு மருத்துவமனையிற் பிரசவத்துக்குச் செலவில்லையே என்பர். உண்மைதான், 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனைகளில் அறுவைப் பிரசவம் உட்பட மருந்தும் பரிசோதனையும் ஊர்தியும் இலவசம். ஆயினும் அறந்தாங்கியிலோ புதுக்கோட்டை அரசு ராணியார் மருத்துவமனையிலோ பத்து நாள் தங்க நேர்ந்தால், உடனிருப்போர் சாப்பாடும், போக்குவரத்தும், அந்நாட்களில் இழந்த கூலியும் குடும்பத்தின் பொறுப்பே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ரூ.18,000 உதவியை (ரொக்கம் ரூ.14,000, ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் ரூ.4,000 மதிப்பு) மனத்தில் வைத்து வீட்டுக்கு முன்பணம் பேசலாகாது. அது தவணை தவணையாக வருவது. தாய்க்கும் சேய்க்கும் உணவாக வேண்டியது. அத்திட்டத்துக்குப் பெயர் தந்த அம்மையார் 1886இல் இந்தப் புதுக்கோட்டையிற் பிறந்தவர். மன்னர் கல்லூரியிற் சேர்ந்து படித்த முதல் பெண். அவர் பெயரால் வரும் பணம் அடுப்பங்கரைக்குப் போவதே பொருத்தம். ஆகவே பிரசவத்துக்கென ஒரு தொகையை, ரூ.25,000 என்று வைத்துக்கொண்டாலும், மனைவியின் பெயரில் தனிக் கணக்கில் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டுதான் வீட்டு விலையைப் பேச வேண்டும். எஞ்சியது போதவில்லை என்றால் அந்த வீடு நமக்கு எட்டாத வீடு, வேறொன்று பார்க்கலாம்.

கடன் தவணைக்கு வருவோம். ரூ.6,00,000 தொகையை 9 விழுக்காடு வட்டியிற் பதினைந்தாண்டுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.6,086. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு வைகாசி முதல் வாரம் என்பது இந்தத் தடைக்காலத்தின் நடுப்பகுதி. பிரசவ வேளையிற் கணவர் கடலில் இல்லாமல் கரையில் இருப்பார் என்பது பெரிய ஆறுதல். அவர் கையில் படகுப் பங்கு வராது என்பது அதன் மறுபக்கம். எனவே இரண்டு தவணை, அதாவது ரூ.12,172, பங்குனி முடிவதற்குள் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். நெசவாளர்க்குப் பாவு கிடைக்காத மாதங்களும், ஒருபோக விவசாயிக்கு அறுவடைக்கு முந்தைய மாதங்களும் இதே கணக்குத்தான். தவணை நாளை வருமான நாளோடு பொருத்தித் தரும்படி கடன் தரும் சங்கத்தையோ வங்கியையோ மனுச் செய்யும்போதே கேட்டல் வேண்டும். கடன் பெற்ற பின் கேட்பது பயன் தராது. கடனோடு இணைந்த ஆயுட் காப்பீட்டையும் மறுக்க வேண்டாம். கடலுக்குப் போகிறவர் வீட்டில் அது வீண் செலவாகாது.

இனி உரிமை பார்த்தல். முப்பதாண்டு வில்லங்கச் சான்று எடுத்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியடைபவர் பலர். வில்லங்கச் சான்று பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவாகாத உயில், முஸ்லிம் சட்டப்படி எழுத்தில்லாமலே செல்லுபடியாகும் ஹிபா என்னும் கொடை, இவை எவையும் அதில் இரா. ஆகவே காகிதத்தைப் பார்த்த பின் மனிதரையும் பார்க்க வேண்டும். விற்பவரின் தந்தை சொத்தாயின், அவருக்கு எத்தனை பெண் மக்கள் என்று கேளுங்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒப்பான உரிமையைத் தமிழ்நாடு 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் சட்டமாக்கின. முஸ்லிம் குடும்பங்களில் மகளின் பங்கு சமயச் சட்டத்திலேயே உறுதியானது. “அக்காவுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, அவருக்குப் பங்கில்லை” என்ற பேச்சு திண்ணையில் எடுபடும், நீதிமன்றத்தில் எடுபடாது. சகோதரிகள் அனைவரும் பத்திரத்திற் கையொப்பமிட வேண்டும்.

இவ்விடத்தில் நம் பாடத்துக்கே உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. வாங்குவோர் வீட்டுக் கருவை நாம் நினைக்கிறோம். விற்போர் வீட்டிலும் ஒரு கரு இருக்கலாம். உயில் எழுதாமல் ஒருவர் இறக்கும்போது தாய் வயிற்றில் இருந்து பின்னர் உயிரோடு பிறக்கும் குழந்தை, அவர் இறக்குமுன் பிறந்திருந்தால் என்ன பங்கு பெற்றிருக்குமோ அதே பங்கைப் பெறும் என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. முஸ்லிம் வாரிசு முறையிலும் கருவிலுள்ள குழந்தைக்குப் பங்கு நிறுத்தி வைக்கப்படும். விற்பவரின் தம்பி அண்மையிற் காலமாகி, அவர் மனைவி கருவுற்றிருந்தால், அந்தப் பிறவாக் குழந்தைக்கும் சொத்தில் இடமுண்டு. இந்துக் குடும்பத்தில் மைனரின் அசையாச் சொத்தைக் காப்பாளர் விற்க நீதிமன்ற அனுமதி தேவை. ஆகையால் அத்தகைய வீட்டை மலிவென்று எண்ணி வாங்கினால், பதினெட்டாண்டு கழித்து ஓர் இளைஞர் வாயிலில் வந்து நிற்கக்கூடும்.

“எங்கள் பிள்ளை பெயருக்கே எழுதிவிடலாமா?” என்று ஆர்வத்தோடு கேட்கும் தந்தையர் இருக்கின்றனர். பிறவாத குழந்தைக்கு நேரடியாகச் சொத்தை மாற்ற 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இடந்தருவதில்லை. முதலில் உயிரோடிருக்கும் ஒருவருக்கு உரிமை தந்து, அதன்பின் எஞ்சியது முழுவதும் குழந்தைக்கு என்று சுற்றி எழுத வேண்டும் என்பது 13ஆம் பிரிவு. சிறு வீட்டுக்கு இவ்வளவு சுற்று வேண்டியதில்லை. பிறந்த பிறகு மைனர் பெயரில் வாங்கினாலும், அவசரத்துக்கு அடமானம் வைக்கவோ விற்கவோ முடியாத சொத்தாக அது பதினெட்டாண்டு முடங்கிக் கிடக்கும்.

அப்படியானால் யார் பெயரில்? நாம் தயக்கமின்றிச் சொல்வது, மனைவியின் பெயரில். கட்டணச் சலுகை ஒரு காரணம். அது சிறிய காரணம். பெரிய காரணம் வேறு. முன்பணம் கொடுத்து, பத்திரம் முடியாத இடைவேளையிற் கணவர் கடலில் தவறினால் என்ன ஆகும்? ஒப்பந்தம் அவர் பெயரில் மட்டும் இருந்தால், வாரிசுச் சான்று பெற்று, மாமியாரையும் மனைவியையும் பிறவாத குழந்தையையும் ஒரு தரப்பாகச் சேர்த்துத்தான் அதனை நிறைவேற்றக் கோர வேண்டும். சட்டத்தில் வழியுண்டு. நிறைமாதக் கைம்பெண் அந்த வழியில் நடந்து முடிப்பதற்குள் ஒப்பந்தக் கெடு தீர்ந்துவிடும். முன்பணம் போயிற்று என்று விற்பவர் கைவிரிப்பார். ஒப்பந்தத்திலேயே மனைவி பெயர் இருந்தால் அவர் எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தல் கட்டாயம் என்பதை இங்கே நினைவூட்டுகிறோம். இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்து வாங்கிய “அட்வான்ஸ்” இரசீதை ஒப்பந்தமென்று நம்புவது பேதைமை. கணவரின் பணத்தில் மனைவி பெயரில் வாங்குவது பினாமி ஆகுமோ என்ற ஐயமும் வேண்டாம். வருமானத்துக்குக் கணக்குக் காட்டக்கூடியதாயின், மனைவி மக்கள் பெயரில் வாங்குவதைப் பினாமித் தடைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது.

இது புதுமையுமன்று. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அங்கு வந்து வாழும் முறை வழிவழியாக உண்டு. பாக் நீரிணைக்கு அக்கரையில், மட்டக்களப்புப் பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்குச் சீதனமாக வீட்டையே எழுதித் தருவர். மகள் தாய்வீட்டிலோ அதன் அருகிலோ பிள்ளை பெற்று வாழ்வாள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அங்கே புது வீடுகளுக்கு உரிமை வழங்கியபோது, குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரை எழுதும் போக்கினால் பெண்களின் இந்த வழிவழி உரிமை ஆட்டங் கண்டது. அதே பேரலைக்குப் பின் 2005இல் தமிழ்நாட்டு அரசு வகுத்த வீட்டுக் கொள்கை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக உரிமை தருவதாக அமைந்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிற் சீதனச் சொத்து மனைவிக்குரியது. ஆயினும் கணவரின் எழுத்து இசைவின்றி அவர் தம் அசையாச் சொத்தை உயிரோடிருக்கையில் விற்க இயலாது. பெயர் எழுதுவது வேறு, ஆளும் உரிமை வேறு என்பதற்கு இது சான்று. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இந்துப் பெண்ணின் சொத்து அவருக்கே முழு உரிமை என்கிறது. முஸ்லிம் பெண்ணுக்கும் தம் சொத்தின் மீது தனியுரிமை உண்டு. கணவர் கடனிற் கூட்டுப் பொறுப்பாளராக இருப்பார், வீட்டில் வாழ்வார், அவர் மதிப்புக்கு இதனாற் குறைவில்லை.

கடற்கரை ஊரில் வீடு வாங்குவோர் காண வேண்டிய மற்றொரு கோடு உண்டு. கடல் பெருகி ஏறும் உச்ச எல்லையிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்கு உட்பட்டது. 1991இல் தொடங்கிய இவ்விதிகள் 2011இலும் 2019இலும் திருத்தி வெளியிடப்பட்டன. ஊரகப் பகுதிகளிற் கடலை ஒட்டிய 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகங்களுக்கு 2019 அறிவிக்கை அதனை 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. தடைப் பகுதியில் உள்ள பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம். பரப்பை விரித்துக் கட்ட இயலாது. “இப்போது இரண்டு அறை போதும், பிள்ளை வளர்ந்ததும் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம்” என்று எண்ணி வாங்குபவர் இவ்விதியை அறியாமல் வாங்கினால் ஏமாறுவார். மாவட்டத்திலுள்ள கடற்கரை மண்டல வரைபடத்தில் அந்தப் புல எண் எங்கே விழுகிறது என்று முதலிற் பார்க்க வேண்டும். கோயில் நிலம், வக்ஃபு நிலம், புறம்போக்கு ஆகியவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. பத்திரம் இருக்கிறது என்று யார் காட்டினாலும் வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டைப் பாராமல் பணம் கொடுக்கலாகாது. அங்கீகாரமற்ற மனைப்பிரிவாயின், 2016 அக்டோபர் 20க்கு முன் மனையாகப் பதிவானதா என்பதைக் கேளுங்கள்.

வீட்டின் உடலையும் பார்ப்போம். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்து, மேற்பூச்சைத் தள்ளி, கூரையின் அடிப்புறம் பெயர்ந்து விழும். தொட்டில் கட்டப் போகும் உத்தரத்துக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். பழுப்புக் கறையோ நீளவெடிப்போ இருந்தால் கொத்தனாரை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோரக் கட்டடத்திற் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட்டு மூடாக்கு வேண்டுமென்பது இந்தியத் தர விதி. பழைய வீடுகளில் அதைக் காண்பது அரிது. சுவரில் மினுமினுக்கும் பழைய எண்ணெய் வண்ணத்தைக் கர்ப்பிணி இருக்கும் இடத்திற் சுரண்டலாகாது. வண்ணத்தில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணங்களில் ஈயம் மிகுதியாக இருந்திருக்கலாம். ஈயத்தூள் தாயின் இரத்தம் வழியே கருவைச் சேரும். இந்த வேலை அவர் தாய்வீட்டில் இருக்கும்போது, நீர் தெளித்து, ஈரமாகச் செய்யப்பட வேண்டியது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. கிணற்று நீரைக் கார்த்திகையிற் குடித்துப் பார்த்தால் இனிக்கும். சித்திரையில் அதே நீர் கரிக்கும். வங்காளதேசத்துக் குல்னா மாவட்டத்தின் தாகோப் என்னும் கடலோரப் பகுதியில் நடந்த ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. மழையற்ற காலத்தில் உப்பேறிய நீரைக் குடிக்கும் கர்ப்பிணிகளிடையே இரத்தக் கொதிப்பு மிகுவதை அது எடுத்துக்காட்டியது. எனவே குடிநீர்க் குழாய் வீட்டுக்கு வருகிறதா, கோடையில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று தெருப் பெண்களிடம் கேட்பது, பத்திரம் பார்ப்பதற்கு ஒப்பான வேலை. இதை வாங்கும் வீட்டுப் பெண்ணே கேட்பது நல்லது. ஆடவர் கேட்டால், “அதெல்லாம் வருதுங்க” என்ற பதிலோடு முடிந்துவிடும்.

நெசவாளர்க்கு ஒரு சொல். உங்கள் வீடு வசிப்பிடம் மட்டுமன்று, தொழிற்கூடமும் ஆகும். குழித்தறி போட ஈரம் ஏறாத தரை வேண்டும். பாவு விரிக்கத் தெருவோ முற்றமோ வேண்டும். தொட்டிலுக்கும் தறிக்கும் இடையே பஞ்சுத் தூசி போகாத ஒரு சுவரேனும் இருத்தல் நலம். கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு ரூபாய்க் கூலிக்கு நெசவாளர் 8 காசும் அரசு 4 காசும் செலுத்தும் சேமிப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. வீட்டுக் கணக்குப் போடும்போது சங்கத்திற் கேட்டு அந்த இருப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். சொந்த மனையிற் குடிசையில் வாழ்வோர் விலைக்கு வாங்க அலையுமுன், ஒரு வீட்டுக்கு ரூ.3,50,000 வழங்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை ஊராட்சியில் விசாரிக்கலாம். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலிய தொழிலாளர் சிலர் கூடிக் கடை திறந்ததை நாம் அடிக்கடி படிக்கிறோம். அவர்கள் எழுதி வைத்த நோக்கங்களிற் கடைக்கு அடுத்து நின்றது உறுப்பினர்க்கு வீடு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மளிகையும் துணியும் தந்த பிறகு அவர்களுக்கும் தோன்றியது இதுதான் போலும்.

எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்குத் திரும்புவோம். தையிற் பத்திரம் மனைவி பெயரிற் பதிவாயிற்று. மாசியில் அவர் ஆவுடையார்கோயில் பக்கம் சென்றார். பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலுக்கான விவரம் வருவாய்த் துறைக்குச் செல்லும். ஆயினும் அது தானே நடந்துவிடும் என்று இருந்துவிடாமல், தடைக்காலத்திற் கரையில் இருக்கும் கணவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒருமுறை சென்று வருவது நலம். உட்பிரிவு செய்ய வேண்டிய மனையாயின் நில அளவர் வந்து அளக்க வேண்டும். அன்று அண்டை வீட்டார் இருவரும் உடனிருத்தல் பின்னாளைய எல்லைச் சண்டையைத் தவிர்க்கும். குழந்தையின் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டு வரியையும் மின் இணைப்பையும் பெயர் மாற்றும் மனுக்களை இதே மாதங்களில் கொடுத்துவிடலாம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நாள் பார்த்துப் பிள்ளையோடு அவர் ஊர் திரும்பும்போது, வண்ணப்பூச்சின் வாடை அடங்கியிருக்கும். தண்ணீர்த் தொட்டி கழுவிச் சுண்ணாம்பு அடித்திருக்கும். அவர் பெயரிலான பட்டாவின் நகல் வந்திருக்கும். அதை அவரிடமே கொடுத்து, புல எண்ணும் பரப்பும் பத்திரத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.